டயரில் எழுதிய கணக்கு



நம் தோட்டங்களுக்கு அருகிலுள்ள சிறு பட்டணங்களில் மாலை வேளையில் டயர்க் கடைகளின் முன்னால் ஒரு காட்சியைக் காணலாம். வாலிபர் ஒருவர் தம் காரை நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் பளபளப்பான ஸ்போர்ட் ரிம்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பல மாதம் மிச்சம் பிடித்த பணம் அவர் சட்டைப் பையில் இருக்கும். “எது பெரிசா இருக்கோ, அதையே போட்டுடுங்க அண்ணே” என்பார். ஒரு மணி நேரத்தில் காரின் நான்கு சக்கரங்களும் மாறிவிடும். கார் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புதிய டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்களை அவரும் படித்திருக்க மாட்டார். அவரை வழியனுப்பும் பெற்றோரும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த எண்கள் அழகுக்காகப் போட்டவை அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் டயர்களை வெடிக்கவிட்டும், வண்டிகளைக் கவிழ்த்தும், பந்தயங்களில் தோற்றும் கற்றுக்கொண்ட பாடம் அந்த ஒரே வரியில் அடங்கியிருக்கிறது. அந்த வரி எப்படிப் பிறந்தது, அதைக் கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிம்மும் டயரும் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இன்று நாம் பார்ப்போம். ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொல்லும் கணக்கு நம் வீட்டுச் சிறிய காருக்கும் பொருந்தும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

டயரின் கதை நமக்கு அந்நியமான கதை அன்று. 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதியாக நிற்கும் என்பதைக் கண்டறிந்தார். 1845-ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைப் பூட்டி ஓட அன்று மோட்டார் வண்டியும் இல்லை, மிதிவண்டியும் இல்லை. ஆகவே உலகம் அதை மறந்துபோயிற்று. பிறகு 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்தரையில் கடகடவென்று ஆடுவதைக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில், காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் வெற்றி பெறவில்லை; வழிநெடுக டயர்கள் பழுதாகிக்கொண்டே இருந்தன. ஆயினும் கார் காற்றின் மேல் ஓடும் என்பது அன்று உறுதியாயிற்று.

இதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்தது என்ன? 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குச் சென்றன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், வெட்டுக் கத்தியும் வாளியுமாக நம் முன்னோர் நிரைநிரையாகச் செய்த வேலை அந்த முறைதான். மங்கில் சொட்டிய வெள்ளைப் பால் கடல் கடந்து போய், கரித்தூள் கலந்து கறுத்து, டயராகிச் சாலையில் உருண்டது. தொடக்க காலத்து டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. கரித்தூள் சேர்த்தால் ரப்பர் பன்மடங்கு உழைக்கும் என்று தெரிந்தபின், 1910-களிலிருந்து அவை கறுப்பாயின.

இனி எண்களுக்கு வருவோம்.

1908-இல் அமெரிக்காவில் ஃபோர்ட் மாடல் டி கார் வெளிவந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் உற்பத்தியாயின. மலாயாத் தோட்டங்கள் பெருகியதற்கு அந்தக் காரும் ஒரு பெரிய காரணம். அதன் முன் டயர்களில் 30 பெருக்கல் 3 என்றும், பின் டயர்களில் 30 பெருக்கல் மூன்றரை என்றும் எழுதியிருந்தது. முதல் எண் டயரின் வெளிவிட்டம், அதாவது தரையிலிருந்து டயரின் உச்சி வரை உள்ள அளவு. இரண்டாவது எண் டயரின் பருமன். இரண்டும் அங்குலத்தில்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்நாளில் டயர் குழாய் போல் உருண்டையாக இருந்தது. எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு உயரம். ஆகவே முன் சக்கரத்தில் மேலே 3, கீழே 3 என்று 6 அங்குலத்தைக் கழித்தால் ரிம் 24 அங்குலம். பின் சக்கரத்தில் 7 அங்குலத்தைக் கழித்தால் ரிம் 23 அங்குலம். பின்னால் சுமை அதிகம் என்பதால் தடித்த டயர் வேண்டும். ஆனால் வெளிவிட்டம் மாறக் கூடாது. எனவே ரிம்மைச் சிறியதாக்கினார்கள். டயர் மாறும்போது ரிம்மும் மாறலாம், ஆனால் வெளிவட்டம் மாறக் கூடாது என்ற விதி அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்று ஸ்போர்ட் ரிம் மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதியும் இதுவே.

1920-களில் ‘பலூன் டயர்’ வந்தது. பருமனான உடலில் குறைந்த காற்றழுத்தம் வைத்து ஓடியதால் பயணம் மென்மையாயிற்று. அப்போது எழுதும் முறையும் மாறியது. வெளிவிட்டத்தை விட்டுவிட்டு, டயரின் பருமனையும் ரிம்மின் விட்டத்தையும் எழுதத் தொடங்கினார்கள். மாடல் டி-க்குப் பின் வந்த மாடல் ஏ காரின் டயரில் 4.50–21 என்றிருந்தது. நாலரை அங்குலப் பருமன், 21 அங்குல ரிம். கடைக்காரருக்கு இது வசதிதான். ஆனால் வெளிவட்டம் எவ்வளவு என்பது டயரில் எழுத்தாக இல்லாமல் போயிற்று. அதை இனி நாமே கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று பலர் தவறு செய்வதும் இந்த இடத்தில்தான்.

அதன்பின் ரிம்கள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்தன. இங்கிலாந்தின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொள்வோம். 1945-இல் வந்த எம்.ஜி. டிசி காருக்கு மெல்லிய கம்பிகள் கோத்த 19 அங்குலச் சக்கரம். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ காருக்கு 15 அங்குலம். 1962-இல் வந்த எம்.ஜி.பி காருக்கு 14 அங்குலம். 1959-இல் வந்த மினி காருக்கோ வெறும் 10 அங்குலம். சாலைகள் சீராக ஆக, உயரமான சக்கரம் தேவைப்படவில்லை. சக்கரம் சிறுத்தால் கார் தாழ்வாக நிற்கும். உள்ளே இடமும் கூடும்.

ஆனால் சிறிய ரிம்முக்கு ஒரு குறை உண்டு. பிரேக் தட்டு ரிம்முக்குள்தான் அடங்க வேண்டும். 1961-இல் மினி கூப்பர் காருக்கு முன் சக்கரத்தில் தட்டு பிரேக் வைத்தபோது, 10 அங்குல ரிம்முக்குள் 7 அங்குலத் தட்டுதான் வைத்தார்கள். 1984-இல் மினியின் ரிம்மை 12 அங்குலமாக்கியபோது 8.4 அங்குலத் தட்டு வைக்க இடம் கிடைத்தது. வேகமாக ஓடும் காரை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்குக்குப் பெரிய ரிம் வேண்டும். சிறுத்துக்கொண்டே வந்த சக்கரம் மறுபடியும் வளரத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் டயரின் உள்ளமைப்பிலேயே உண்டான மாற்றம். பழைய டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கும். பக்கச் சுவர் அசைந்தால் தரையைத் தொடும் பாகமும் சேர்ந்து நெளியும். 1946-இல் மிஷலின் நிறுவனம் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றது. ரிம்மின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூல்கள் நேராக ஓடும். அவற்றின் மேல், தரையைத் தொடும் பாகத்துக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். இதுவே ரேடியல் டயர். 1949-இல் இது விற்பனைக்கு வந்தது. பக்கச் சுவர் வளைந்து கொடுக்கும். தரையைத் தொடும் பாகமோ பட்டையாகத் தரையில் பதிந்து நிற்கும். டயரும் நீண்ட நாள் உழைக்கும்.

ரேடியல் டயர் நமக்கு இன்னொரு வகையில் உதவியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது, ரப்பர் கிடைக்காத அமெரிக்கா பெரும் ஆலைகள் கட்டிச் செயற்கை ரப்பரை உண்டாக்கியது. போர் முடிந்தபின் கார் டயரின் மேற்பாகத்தைப் பெரும்பாலும் செயற்கை ரப்பரே பிடித்துக்கொண்டது. ஆனால் ரேடியல் டயரின் பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிர வேண்டும். எஃகுக் கம்பியோடு ரப்பர் விடாமல் ஒட்டி நிற்க வேண்டும். இந்த வேலைக்கு மரத்துப் பால் ரப்பரே சிறந்தது. எனவே ரேடியல் பரவப் பரவ, இயற்கை ரப்பருக்கு டயரில் மீண்டும் ஒரு நிலையான இடம் கிடைத்தது.

ரேடியலோடு எண்களில் ஒரு கலப்பும் நேர்ந்தது. டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதினார்கள். ரிம்மின் விட்டம் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. ஒரே வரியில் இரண்டு அளவு முறை. இது இன்றும் மாறவில்லை. 1970-களின் நடுவில் மிஷலின் நிறுவனம் ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தது. டிஆர்எக்ஸ் என்ற அந்த டயர் 390 மில்லிமீட்டர் போன்ற ரிம்களில் மட்டுமே பொருந்தும். ஓட்டத்தில் நல்ல டயர்தான். ஆனால் வேறு ரிம்மில் அது ஏறாது. அதன் ரிம்மில் வேறு டயர் ஏறாது. தேய்ந்த டயரை மாற்றப் போனவர்கள் அலைந்தார்கள். சில ஆண்டுகளில் கார் நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. எவ்வளவு உயர்ந்த ரிம்மானாலும், நாளைக்கு அதற்கு டயர் எளிதில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

இனி, வரியில் உள்ள முக்கியமான எண். அகலத்துக்குப் பின்னால் சாய்ந்த கோடு போட்டு 70, 60, 50 என்று எழுதியிருக்கிறதே, அதன் பொருள் என்ன? பக்கச் சுவரின் உயரம், டயரின் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே அது. மாடல் டி காலத்தில் இது ஏறக்குறைய 100. முதல் ரேடியல்களில் சுமார் 80. பிறகு 70, 60 என்று குறைந்தது. பக்கச் சுவர் குட்டையானால் வளைவில் திரும்பும்போது டயர் குறைவாக நெளியும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். அதனால்தான் வேகமாக ஓடும் கார்கள் குட்டைச் சுவரைத் தேடின.

இதற்கு நல்ல சான்று ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போ. 1975-இல் அது வெளிவந்தபோது 15 அங்குல ரிம்மில் முன்னால் 185/70, பின்னால் 215/60 டயர் பூட்டியிருந்தது. அதே காலத்தில் இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் பி7 என்ற 50 பங்கு டயரைக் கொண்டுவந்தது. 1977-ஆம் ஆண்டளவில் டர்போவின் ரிம் 16 அங்குலமாகி, முன்னால் 205/55, பின்னால் 225/50 ஆயிற்று. டயர் அகன்றது, ரிம் வளர்ந்தது, சுவர் குட்டையானது. வெளிவட்டம்? முன்பு ஏறக்குறைய 640 மில்லிமீட்டர். பின்பு ஏறக்குறைய 632. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட மாறவில்லை. முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள வேறுபாடோ அரை மில்லிமீட்டர்தான். பெரிய நிறுவனத்துப் பொறியாளர்களும் மாடல் டி காலத்து விதியையே பின்பற்றினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

நேயர்களே, இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற இருவர் அமரும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் உற்பத்தியாயின. முதல் மாதிரிக்கு நிறுவனம் கொடுத்த டயர் 185/60 ஆர் 14. அகலம் 185 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 60 என்றால் 111. அது ஒரு பக்கச் சுவரின் உயரம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆகவே 222. ரிம் 14 அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பெருக்கினால் 355.6. இரண்டையும் கூட்டினால் 577.6 மில்லிமீட்டர். இதுதான் அந்தக் காரின் வெளிவட்டம்.

இந்தக் காரை வைத்திருப்பவர் 15 அங்குல ரிம் போட விரும்புகிறார். எந்த டயர் பொருந்தும்? 195/50 ஆர் 15 என்று வைத்துப் பார்ப்போம். 195-இல் பாதி 97.5, இரண்டு பக்கமும் சேர்ந்து 195. ரிம் 15 பெருக்கல் 25.4, அதாவது 381. கூட்டினால் 576. பழைய அளவுக்கும் இதற்கும் வேறுபாடு 1.6 மில்லிமீட்டர் மட்டுமே. இந்தக் காருக்கு 15 அங்குல ரிம் போடுபவர்கள் உலகெங்கும் இந்த அளவையே பெரிதும் விரும்புவது இதனால்தான்.

இன்னும் பெரியதாக 16 அங்குலம் வேண்டும் என்கிறார். கடையில் 205/50 ஆர் 16 மலிவாகக் கிடைக்கிறது. 205-இல் பாதி 102.5, இரண்டு பக்கமும் 205. ரிம் 406.4. கூட்டினால் 611.4. பழைய அளவைவிட 33.8 மில்லிமீட்டர் அதிகம். நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு. என்ன ஆகும்? மீட்டரில் 100 என்று காட்டும்போது கார் உண்மையில் 106 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சக்கரம் முழுதாகத் திரும்பும்போதோ, பள்ளத்தில் இறங்கும்போதோ, டயர் மட்கார்டில் உராயும். இழுக்கும் வேகம் குறையும். பிரேக்கின் பிடியும் தளரும். “பெரிசா இருக்கோ இல்லையோ” என்று கேட்டு வாங்கினால் நேர்வது இது. அதே 16 அங்குலத்தில் 205/40 போட்டால் வெளிவட்டம் 570.4, வேறுபாடு நூற்றுக்கு ஒன்றே கால் பங்குதான். பழைய வெளிவட்டத்திலிருந்து கூடுதலோ குறைவோ நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு.

வட்டம் பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. இன்னும் நான்கு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது ரிம்மின் அகலம். எம்எக்ஸ்-5 காருக்கு வந்த ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம். 195/50 டயருக்கு ஐந்தரையிலிருந்து ஏழு அங்குலம் வரை உள்ள ரிம் ஏற்றது. குறுகிய ரிம்மில் அகன்ற டயரைத் திணித்தால் டயர் உப்பி நின்று நடுவில் மட்டும் தேயும்; வளைவில் தள்ளாடும். அகன்ற ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டினால் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக் கூடும். ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலத்தை உற்பத்தியாளர் அட்டவணையாகக் கொடுத்திருப்பார். கடைக்காரரிடம் அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இரண்டாவது, ரிம் காரில் உட்காரும் இடம். ஆணித் துளைகள் எத்தனை, அவை எவ்வளவு பெரிய வட்டத்தில் அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். இந்தக் காருக்கு நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். அதோடு, காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் முக்கியம். இதைக் கடைகளில் ‘ஆஃப்செட்’ என்பார்கள். இந்தக் காரில் அது 45 மில்லிமீட்டர். அந்த எண் வெகுவாகக் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். பேரிங்குக்குச் சுமை கூடும். ஸ்டீயரிங் கையை இழுக்கும். வெகுவாகக் கூடினால் உள்ளே ஸ்பிரிங்கில் உராயும். துளை பொருந்தவில்லை என்பதற்காக அதை அகலப்படுத்தி மாட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது சுமை. டயர் அளவுக்குப் பின்னால் 82 எச் என்பதுபோல் எழுதியிருக்கும். 82 என்றால் அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 79 என்றால் 437 கிலோ. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். வி என்றால் 240. இங்கே ஓர் உண்மையை மனத்தில் வைக்க வேண்டும். சுமையைத் தாங்குவது ரப்பர் அன்று. அதற்குள் இருக்கும் காற்று. சுவர் குட்டையாகும்போது காற்றுக்கு இடம் குறைகிறது. ஆகவே ரிம்மைப் பெரிதாக்கிச் சுவரைக் குறைக்கும்போது சுமை எண் பழைய எண்ணைவிடக் குறையாதபடி பார்த்து வாங்க வேண்டும். காற்றழுத்தத்தையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் போகும் ஸ்போர்ட்ஸ் காருக்கே இப்படி என்றால், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஐந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றும் நம் காருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது நம் சாலையும் நம் மழையும். அகன்ற டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். தேங்கிய நீரில், அதுவும் தேய்ந்த நிலையில், அது தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயன்படா. டயர்ப் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. குட்டைச் சுவர் டயர் செம்மண் பாதையின் குழியில் விழுந்தால் அதிர்ச்சி நேரே ரிம்முக்குப் போகும். ரிம் வளையும் அல்லது விரிசல் விடும். தோட்டத்துப் பாதையில் நாள்தோறும் ஓடும் காருக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ரிம்மைக் கூட்டாமலிருப்பதே நல்லது.

பழைய டயர் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். டயரின் பக்கத்தில் நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள் அந்த டயர் பிறந்த நாளைச் சொல்லும். 2000-ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் முறை இது. 3522 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் உள்ளுக்குள் வெடித்திருக்கும். பழைய ரப்பர் எப்படி நொறுங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேயர்களே, இன்று பல தோட்டங்களில் பால் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். பல குடும்பங்கள் லயங்களைவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டன. பிள்ளைகள் காரோட்டுகிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே. அவர்கள் ஆசைப்பட்டு ஸ்போர்ட் ரிம் வாங்குவதையும் நாம் குறை கூறவில்லை. வாலிப வயதில் அழகான வண்டி மேல் ஆசைப்படாதவர் யார்? நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பணத்தை நீட்டுவதற்கு முன் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் டயர் அளவைப் படியுங்கள். வாங்கப்போகும் டயரின் அளவைப் படியுங்கள். இரண்டுக்கும் ஒரு தாளில் கணக்குப் போட்டு வெளிவட்டத்தை ஒப்பிடுங்கள். சுமை எண் குறையாமல் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தாய்மார்களே, உங்கள் மகன் புதுச் சக்கரம் மாட்டிய காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், “அழகாயிருக்குப்பா” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “வட்டக் கணக்குப் போட்டுப் பார்த்தியா?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த டயருக்குப் பால் எடுத்துக் கொடுத்த குடும்பம் நம்முடையது. அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் உரிமை நமக்கு மற்ற யாரையும்விடக் குறைந்ததன்று.